மூன்றாவது வரிசை, இடது ஓரம்

"இதை யாரு உங்களை எழுதச் சொன்னா?" என்று மனைவி கேட்டபோது, பத்திரிகையின் சினிமா விமர்சகர் படத்தின் நிறை குறைப் பட்டியலில் ஐந்தாவது குறையை எழுதி முடித்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

மனைவியின் விரல் நின்ற வரி இது: 'மூன்றாவது வரிசையில் இடது ஓரம் ஆடும் பெண் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு தாளம் பிந்துகிறாள்.'

"உண்மைதானே? நீயும் பக்கத்துல உட்கார்ந்துதானே பார்த்தே?"

"அது என் தங்கச்சி!"

விமர்சகருக்குப் புரையேறியது. மேடை ஆட்டக்காரிகளைப் பற்றிய அந்தப் படத்தில் மச்சினியும் ஆடியிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நாற்பது பெண்கள், நாற்பது இறகுக் கிரீடம், கன்னமெல்லாம் ஜிகினா. பெற்றவளே திணறிப்போவாள்.

"முகமே தெரியலை. எப்படிச் சொல்றே?"

"தோளைத் திருப்புறதை வெச்சே சொல்லுவேன். தூக்கி வளர்த்தவ நான். அடுத்த படத்துக்கு மூணாவது வரிசையில ஒரு ஆளைக் குறைக்கப் போறாங்களாம். விமர்சனம் வரட்டும், படிச்சுட்டு முடிவு பண்றேன்னு டான்ஸ் மாஸ்டர் சொல்லியிருக்காரு. அவ வேலைக்கு நீங்களே உலை வைக்கணுமா?"

பதினோரு வருடத்தில் அவர் யாருக்காகவும் ஒரு வரியை மாற்றியதில்லை. சொல்லிக்கொள்ளும்படி அவரிடம் இருந்தது அந்தப் பெருமை ஒன்றுதான். மனசே இல்லாமல் வரியை அடித்தார்.

"அடிச்சா போதுமா? நாலு வார்த்தை நல்லதா எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

வரி குறையிலிருந்து நிறைக்குக் குடிபோனது. 'மற்றவர்கள் அச்சில் வார்த்தாற்போல் ஆட, மூன்றாவது வரிசை இடது ஓரப் பெண் மட்டும் வேண்டுமென்றே ஒரு தாளம் பிந்தி ஆடி, ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிறாள்.' எழுதிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் பத்திரிகை ஆசிரியர் போனில் வந்தார்.

"என்ன சார் இது? நிறை ஆறு, குறை நாலு. தராசு படம் போட்டு வர்ற பகுதி. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு இருக்க வேண்டாமா?"

விமர்சகர் குறைகளைப் பார்த்தார். கதை இல்லை. நீளம் அதிகம். வில்லன் எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாற்பது பெண்களைப் பற்றிய படத்தில் ஒருத்திக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை. எல்லாம் சொல்லியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நிறையிலிருந்த ஆடை அலங்காரத்தைக் கழுத்தைப் பிடித்துக் குறைக்குத் தள்ளினார். 'இறகும் ஜிகினாவும் கண்ணைக் கூசவைத்து ஆட்டத்தையே மறைக்கின்றன.'

மறுபடி போன்.

"ஆட்டமே தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. அப்போ மூணாவது வரிசைப் பொண்ணு மட்டும் எப்படித் தெரிஞ்சா?"

விமர்சகர் நிமிர்ந்தார். மனைவி இடுப்பில் கைவைத்து எதிரே நின்றாள்.

"அத்தனை ஜிகினாவையும் மீறித் தெரிஞ்சா சார்."

"அட! இதையே தலைப்பா வெச்சுடறேன்."

மறுநாள் காலை, 'ஜிகினாவை மீறிய ஒருத்தி' என்று கொட்டை எழுத்தில் வந்தது. மனைவி மூன்று முறை படித்துவிட்டு அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். விமர்சகர் அந்தப் பக்கம் பார்க்காமலேயே தண்ணீர் எடுத்துக் குடித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பெண்ணின் வேலை பிழைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் மச்சினி வந்தாள். ஆட்டச் செருப்பு வைத்திருந்த பையை மூலையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"மாஸ்டர் படிச்சாராடி?" என்று மனைவி ஓடிவந்தாள்.

"படிச்சாருக்கா. எங்க எல்லாரையும் நிக்க வெச்சு சத்தமா படிச்சாரு."

"மாமாவுக்கு ஒரு நன்றி சொல்லேன். உனக்காக எவ்வளவு மல்லுக்கட்டினாரு தெரியுமா?"

மச்சினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இடது ஓரத்துல ஆடினது வேற ஒருத்தி, அக்கா; தாளமே வராத அவளை வேலையை விட்டு நிறுத்தறதா இருந்த மாஸ்டர், மாமா எழுதினதைப் படிச்சுட்டு, அவ பக்கத்துல ஒழுங்கா ஆடின என்னை நிறுத்திட்டாரு."