நாற்பத்தொன்றரைப் பேர் வசித்த தெரு

நான்காம் வகுப்பு ப்ராஜெக்ட் ஒன்றில் நான் தோற்றுப்போனேன். என்னுடைய நான்காம் வகுப்பில் இல்லை, என் மகளுடையதில். இதை வெளியே சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. (அதற்குள் என் மனைவி ஹூஸ்டன் வட்டாரத்தில் தமிழ் தெரிந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.)

அப்போது நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. ‘நாங்கள்’ என்பதைக் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறேன். வீட்டில் இருந்தது மனைவி மாலதியும் மகள் யாழினியும். நான் திங்கட்கிழமை முதல் விமானத்தில் சிகாகோ போய், கிளையன்ட் அலுவலகத்தில் நான்கு நாள் ப்ராஜெக்ட் மேனேஜராக எல்லோரையும் விரட்டிவிட்டு, வியாழக்கிழமை இரவு அழுக்குத் துணியோடு திரும்புகிற ஆள்.

ஒரு சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு சார்ட் பேப்பர். மேலே ‘என் கவுன்ட்டி’ என்று தலைப்பு. (கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.) அதன் கீழே மக்கள்தொகை, நிலவியல், வரலாறு என்று மூன்று கட்டங்கள். யாழினி நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு கலர் அடித்துக்கொண்டிருந்தாள். மக்கள்தொகைக் கட்டத்தில் நாற்பத்தொன்றரை என்று எழுதி, குச்சி மனிதர்களை வரிசையாக நிறுத்தியிருந்தாள். கடைசி மனிதனுக்கு ஒரு கை, ஒரு கால்தான் இருந்தது.

“என்ன கண்ணு இது, நாப்பத்தொண்ணரை?”

“திஸ் இஸ் அவர் ஸ்ட்ரீட், அப்பா. அம்மா அண்ட் ஐ ஆஸ்க்ட் எவ்ரி ஹவுஸ்.”

“அரை யாரு?”

“தட்ஸ் யூ,” என்றாள், தலையை நிமிர்த்தாமல். “யூ ஆர் ஹியர் ஹாஃப் த டைம்.”

அவள் குரலில் குத்தலே இல்லை. கணக்கை ஒப்பித்தாள், அவ்வளவுதான். அந்த இடத்தில் கொஞ்சம் புத்தியுள்ள தகப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். நான் மேனேஜர் இல்லையா? தப்பைத் திருத்தினேன்.

“பாப்புலேஷன்ல அரை ஆளெல்லாம் கிடையாது கண்ணு. எண்ணுனா முழுசா எண்ணணும், இல்லன்னா விட்டுடணும்.”

நிலவியல் கட்டத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய குளமும், அதில் ஒரு கொக்கும், முந்தின வருடம் அடித்த புயலன்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு அம்புக்குறிகளும் இருந்தன. (புயலன்று நான் சிகாகோவில் இருந்தேன்.) வரலாற்றுக் கட்டத்தில் எங்கள் கராஜ் சுவர். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் உயரத்தை அங்கே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்களாம். அந்தக் கோடுகளை அளந்து வரைந்திருந்தாள். நான்கு வருடமாக அந்தச் சுவரோரம்தான் காரை நிறுத்துகிறேன். ஒரு கோட்டையும் நான் பார்த்ததில்லை.

“இது உங்க தெரு. டீச்சர் கேட்டது கவுன்ட்டி,” என்றேன். “அப்பா வந்துட்டேன்ல, ஜமாய்ச்சிடலாம்.”

“அவளே பண்ணட்டும் விடுங்க,” என்று மாலதி சமையலறையிலிருந்து சொன்னாள். நான் ஏற்கெனவே கார் சாவியை எடுத்திருந்தேன்.

தெர்மாகோல், பிளாஸ்டர், சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள், பேட்டரி. இரண்டு நாளில் ஹாரிஸ் கவுன்ட்டியையே மேசை மேல் எழுப்பினேன். தரையோ தோசைக்கல் மாதிரி தட்டை. அதற்கு மேடுபள்ள மாடல் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சும்மா இருக்கட்டும் என்று ஒரு ஓரத்தில் சின்னதாகக் குன்று மாதிரி ஒன்றும் வைத்தேன். (நாமக்கல்காரனுக்கு மலை இல்லாமல் ஊர் வராது.) ஜனம் அதிகம் உள்ள இடங்களில் விளக்கு மினுங்கியது. வரலாறு லேமினேட் செய்யப்பட்டது. அடியில் கொடுக்கக் கெட்டியாக ஒரு தாள் தேவைப்பட்டது. யாழினியின் சார்ட் பேப்பர் சரியான அளவில் இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, முழுக்கப் பசை தடவி ஒட்டினேன்.

அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள்.

“அப்பா, வீ டோன்ட் லிவ் இன் ஹாரிஸ். வீ லிவ் இன் பிரஸோரியா.”

“ஹூஸ்டன்னா ஹாரிஸ்தான் கண்ணு. அப்பாவுக்குத் தெரியாதா?”

என் தர்க்கம் எளிமையானது. எங்கள் பக்கம் பெரிய ஊர் எதுவோ அதுதான் மாவட்டத்தின் பெயர். வெளியூர்க்காரர் கேட்டால் ஹூஸ்டன் என்றுதான் சொல்வோம், ஆகவே ஹூஸ்டன் இருக்கும் கவுன்ட்டிதான் நம்முடையது. இத்தனைக்கும் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் உறையில் ‘சேலம் மாவட்டம்’ என்று எழுதியவர்களோடு சண்டைக்கு நின்றவன் நான். பேர்லேண்டின் பெரும்பகுதி பிரஸோரியா கவுன்ட்டியில் இருக்கிறது, எங்கள் தெருவும் அதில்தான். மாலதியும் யாழினியும் வாராவாரம் போகும் நூலகத்தின் அட்டையில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு நூலக அட்டை கிடையாது.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு திங்கட்கிழமை லீவு போட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் மற்ற பிள்ளைகளின் கோணல்மாணல் அட்டைகளுக்கு நடுவே எங்கள் கவுன்ட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. நான் பெண்ணைப் பெற்றவன் கணக்காக வாசலைப் பார்த்து நின்றேன்.

வகுப்பாசிரியை மிஸ் கார்ட்டர் வந்தார். “வாவ்” என்றார். குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு மெதுவாக, “யாழினி, திஸ் இஸ் ஹாரிஸ். விச் கவுன்ட்டி டூ வீ லிவ் இன், ஸ்வீட்டி?” என்று கேட்டார்.

யாழினி என்னைப் பார்த்தாள். நான் பேட்டரி வயரைப் பார்த்தேன்.

“பிரஸோரியா,” என்றாள். “ஐ காட் இட் ராங், மிஸ் கார்ட்டர். ஐ’ம் சாரி.”

“நான் பண்ணினது” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அது சின்ன வாக்கியம்தான். இருநூறு பேர் முன்னால் இரண்டு மணி நேரம் ஸ்லைடு போட்டுப் பேசுகிறவன், ஒன்பது வயதுப் பெண் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். விளக்குகள் மட்டும் விடாமல் மினுங்கின. அவற்றை அணைப்பதற்கு நான் ஸ்விட்ச் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு செய்து கொண்டுவரச் சொன்னார் மிஸ் கார்ட்டர். வீட்டுக்கு வந்ததும் பழைய சார்ட்டைக் கத்தியால் பெயர்த்துப் பார்த்தேன். பசையோடு துண்டு துண்டாகத்தான் வந்தது. கொக்கின் கால் கூடத் தேறவில்லை. மறுநாள் காலை சிகாகோ கிளம்பிவிட்டேன். புதன்கிழமை போன் செய்து, “அப்பா ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?” என்று கேட்டேன்.

“இட்ஸ் ஓகே, அப்பா.”

வெள்ளிக்கிழமை நான் எழுவதற்குள் புது சார்ட்டோடு பள்ளிக்குப் போயிருந்தாள். அதை நான் பார்க்கவே இல்லை. அதன் பிறகு எந்தப் பாடத்துக்கும் என்னிடம் அவள் வந்ததில்லை.

எங்கள் வீட்டில் இன்றுவரை நான் எதையாவது அடித்துச் சொன்னால், “எந்த கவுன்ட்டி?” என்று மாலதி கேட்பாள். நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சென்ற தீபாவளிச் சாப்பாட்டின்போது இந்தக் கதை மறுபடி ஓடியது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, “அந்தப் புது சார்ட்ல எத்தனை பேருன்னு போட்டா?” என்று மாலதியிடம் கேட்டேன். எட்டு வருடத்தில் முதல் முறையாக.

“நாப்பத்தொண்ணு.”

“ஏன்?”

“நீங்கதானுங்களே சொன்னீங்க, அரை ஆள் கிடையாதுன்னு. எண்ணுனா முழுசா எண்ணு, இல்லன்னா விட்டுடுன்னு.”

விட்டுவிட்டிருக்கிறாள்.

இப்போது நான் பயணம் போவதில்லை. மாடி அறையிலிருந்தே வேலை. யாழினி ஆஸ்டினில் முதல் வருடம் படிக்கிறாள். போன வாரம் அவள் அழைத்தபோது மாலதி குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். ஏதோ ஃபார்ம் நிரப்புகிறாளாம்.

“கவுன்ட்டி என்னன்னு என்னைக் கேக்கலியா?”

சிரித்தாள். “ஐ’ம் குட், அப்பா.”

“நம்ம தெருவை இப்ப எண்ணுனா, நான் முழு ஆள்தானே கண்ணு?”



“நௌ யூ ஆர்,” என்றாள்.

போனை வைத்த பிறகு கராஜுக்குப் போய்க் காரைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, அந்தச் சுவரைப் பார்த்தேன். பழைய பிள்ளைகளின் கோடுகளுக்குப் பக்கத்தில் யாழினிக்கும் கோடு இருந்தது. வருடத்துக்கு ஒன்று, தேதியோடு, எல்லாம் மாலதியின் கையெழுத்தில்.