நாற்பத்தோராவது நோட்டு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கும், அதே ஆளான அன்புள்ள பெரியம்மாவுக்கும்,

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியும் உங்கள் தங்கையின் மூத்த மகளுமான நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் எழுதும் முறை என்ற பாடத்தில் அடுத்த வரி 'இங்கு அனைவரும் நலம்' என்று இருக்கிறது. அம்மா நலம். அப்பா நலம். நான் புதன்கிழமையிலிருந்து நலமாக இல்லை. அதற்கடுத்த வரியில் உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டும். நேற்று பள்ளி வராந்தாவில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டதால் விசாரிக்கவில்லை.

இதை நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நேரில் சொல்ல இடம் இல்லை. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே, "இங்க நான் யாருக்கும் பெரியம்மா இல்ல, மேடம்" என்று சொல்லிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்போதோ, "ஸ்கூல் பேச்சை கேட்டோட விட்டுட்டு வந்துடணும்" என்கிறீர்கள். பள்ளி கேட்டுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருப்பது பேருந்து மட்டும்தான். அதில் நீங்கள் வருவதில்லை. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். வரும் திங்கட்கிழமை முதல் அறிவியல் டீச்சர் நூலகத்தில் புத்தகம் எண்ணும் வேலைக்குப் போவார், எங்களுக்கு அறிவியலை பி.டி. மாஸ்டர் நடத்துவார் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். டீச்சர் மேல் குற்றம் இல்லை. குற்றம் என்னுடையது. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட வேண்டாம்.

இந்த வருடம் முதல் நாளே டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவுடன் வகுப்புக்கு வந்து, எல்லோருடைய ரப்பரையும் அதில் போடச் சொன்னார். என்னுடைய ரப்பர் உறைகூடப் பிரிக்காதது, மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், எனக்கு அது தேவைப்பட்டதில்லை. "தப்பை அழிச்சிட்டா அது எங்க இருந்து வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? அடிச்சு எழுதுங்க, அடியில இருக்கறது தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பழுப்பு அட்டை நோட்டு கொடுத்தார். அதற்குப் பெயர் தவறு நோட்டு. வாரத்துக்கு ஒரு தவறு எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன ஆகும் என்று நினைத்தேன், என்ன ஆனது. டீச்சரும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் தன் தவறை வகுப்பில் வாசிப்பார். நானும் வீட்டுக்குப் போய் மை நிரப்பி, கோடு போட்டு, தேதி எழுதி, உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. பெரியம்மா, என் அப்பா லிஃப்ட் பரிசோதகர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பை அணைத்ததாக அம்மா ஒரு முறை சொன்னால், அப்பா இரண்டு முறை போய்ப் பார்ப்பார். "எங்க வேலையில தப்புன்னா அது எட்டாவது மாடியில இருந்து கீழே வரும்" என்பார். இப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு ஒரு தவறுக்கு நான் எங்கே போவேன்?

முதல் வாரம் நான் எதுவும் எழுதவில்லை. இரண்டாவது வாரமும் எழுதவில்லை. டீச்சர் பச்சை மையில் 'இன்னும் முயற்சி செய்' என்று எழுதினார். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி எழுதியதில்லை. அதே நேரத்தில் என் பெஞ்சில் உட்காரும் பூகம்பம் (அவள் எழுந்து நின்றால் ஏதாவது விழும், அதனால் அந்தப் பெயர்) ஒரே வாரத்தில் ஏழு தவறு எழுதி, 'இந்த வாரத்தின் சிறந்த தவறு' என்று அவள் பக்கம் பள்ளித் திரையில் வந்தது. "உனக்கு வேணும்னா ஒண்ணு ரெண்டு தரட்டுமா? என்கிட்ட நிறைய இருக்கு" என்று அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் பேருந்தில் அழுதேன். மூன்றாவது வாரம் வேண்டுமென்றே இடது கால் செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு வந்து, அதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு, "இது தப்பு இல்லம்மா, நடிப்பு" என்றார். கால் கொப்புளம் மட்டும் நிஜம்.

சரி, தவறுதான் வரவில்லை, புதிதாக எதையாவது செய்து காட்டலாம் என்று, அட்டைப் பெட்டியும் நூலும் கப்பியும் வைத்து ஒரு லிஃப்ட் செய்தேன். புத்தகத்தில் இருந்த அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அப்பாவே பரிசோதித்து, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது ஏறியது, இறங்கியது, சரியான இடத்தில் நின்றது. டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா இதுல நீ எங்க இருக்கே?" என்று கேட்டார். நான் இரவெல்லாம் யோசித்து, களிமண்ணில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணைச் செய்து லிஃப்டுக்குள் நிற்க வைத்து மறுநாள் கொண்டுபோனேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அன்றைக்குத்தான் அவர், "போகட்டும், தப்பே பண்ணாத ஆளுக்கு ஒரு வேலை இருக்கு" என்று டேப்லெட்டை என்னிடம் கொடுத்தார். புதன்கிழமை கடைசிப் பீரியடில் எல்லோருடைய தவறு நோட்டையும் படம் எடுத்துப் பெற்றோர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

போன திங்கட்கிழமை டீச்சர் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. எரிவதற்கு ஆக்ஸிஜன் செலவாகிவிட்டது, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று டீச்சர் சொன்னார். நாங்கள் எழுதிக்கொண்டோம். பூகம்பம் மட்டும் எழுதாமல், "டீச்சர், தண்ணி அணைஞ்ச அப்புறம்தானே ஏறுச்சு? ஆக்ஸிஜன் தீரத் தீர ஏறணும்னா எரியும்போதே ஏறியிருக்கணும்ல?" என்றாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்த பிறகுதான் ஏறியது. டேப்லெட்டில் இருக்கும் ஏ.ஐ.யைக் கேட்கச் சொன்னார், கேட்டேன். அது மூன்று பத்தியில், படத்தோடு, துளி சந்தேகம் இல்லாமல் டீச்சர் சொன்னதையே சொன்னது. "இதுவும் என்னை மாதிரிதான் படிச்சிருக்கு. ஆனா இதுக்கு வெட்கம் வராது. வெட்கப்படற நாமதான் இன்னொரு தடவை பார்க்கணும்" என்றார் டீச்சர். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய பழுப்பு நோட்டில் எழுத ஆரம்பித்தார். மணி அடித்தும் எழுதிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நான் நோட்டுகளைப் படம் எடுத்தேன். எங்கள் வகுப்பில் நாற்பது பேர். நோட்டு நாற்பத்தொன்று இருந்தது. பெரியம்மா, ஆறு பேர் ஏற வேண்டிய லிஃப்டில் ஏழாவது ஆள் ஏறினால் மணி அடிக்கும், அந்த மணியை யாரும் நிறுத்தக் கூடாது என்று எனக்கு நாலு வயதிலேயே தெரியும். எனக்குள்ளே மணி அடித்தது. யாரோ இரண்டு நோட்டு வைத்துவிட்டார்கள், பூகம்பமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அனுப்பு என்பதை அழுத்திவிட்டேன். கடைசி நோட்டு டீச்சருடையது என்று அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அதில் இருந்தது இதுதான்: 'இந்த வாரத் தவறு. மெழுகுவத்திப் பாடத்தை மூன்று வருடமாகத் தவறாக நடத்தியிருக்கிறேன். கண் முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் பார்த்தேன். சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் காரணமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் சொல்லி, மறுபடி சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.' அவர் வாசிக்க வேண்டிய வெள்ளிக்கிழமை வரவே இல்லை. வியாழக்கிழமையே பெற்றோர் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.

நான் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று கேட்டேன், ஒட்டுக் கேட்டது தவறுதான், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "மூணு வருஷம்! என் பொண்ணு அந்தக் கேள்விக்கு நாலு மார்க் வாங்கினா. இப்ப அந்த நாலு மார்க் சரியா தப்பா?" என்று ஒருவர் கத்தினார். "தண்ணி ஏறுதா இல்லையா, முதல்ல அதைச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர். பூகம்பத்தின் அம்மா எழுந்து, "தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களே, அது நல்லதுதானே?" என்று சொன்னதும் பின்னால் ஒரு நாற்காலி விழுந்தது, அவர் பேச்சு அதோடு போயிற்று. நீங்கள் டீச்சரைப் பார்த்து, "தப்பைக் கத்துக்கொடுக்கவா பசங்களை அனுப்பறாங்க?" என்று கேட்டீர்கள். டீச்சர், "பசங்களோட தப்பைத் திரையில போட்டப்ப எல்லாரும் கைதட்டினாங்களே, மேடம்" என்று மட்டும் சொன்னார். அந்த நோட்டை யார் அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்டபோது, "என் கவனக்குறைவு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. குழாயை நான் சரியாக மூடாததால் தண்ணீர் வழிந்து என் செருப்பு நனைந்தது, அப்படியே நின்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் ரப்பர்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடையது பூகம்பத்துக்குப் போய்விட்டது. எனக்கு யாரோ பாதி கடித்த ஒன்று வந்தது. தவறு நோட்டுகளை நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். எனக்கு இப்போதுதான் எழுத ஒரு தவறு கிடைத்திருக்கிறது, எழுத நோட்டு இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நாற்பத்தொன்றை எண்ணியும் அனுப்பியது என் இரண்டாவது தவறுதான். முதல் தவறு திங்கட்கிழமையே நடந்தது. தண்ணீர் காத்திருந்து ஏறியதை நானும் பார்த்தேன், பெரியம்மா. பூகம்பம் கேட்பதற்கு முன்பே பார்த்தேன். புத்தகத்தில் வேறு மாதிரி இருந்ததால், புத்தகத்தில் இருந்ததை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். லிஃப்டுக்குள் நான் எங்கே என்று டீச்சர் கேட்டது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீச்சர் நம் பள்ளியிலேயே படித்தவர். உங்கள் அறைக்கு வெளியே மாட்டியிருக்கும் பழைய வகுப்புப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியை உங்களைப் போலவே இருக்கிறார். முடி கருப்பாக இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை.

டீச்சரைத் திருப்பிக் கொடுங்கள். அவருக்குப் பதிலாக நூலகத்தில் எண்ண ஆள் வேண்டுமென்றால் நான் எண்ணுகிறேன். எண்ணிக்கை சரியாக வரவில்லையென்றால் இந்த முறை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன். கோபம் ஆறிய பிறகு எனக்கு உங்கள் ஆசி வேண்டும், ஆறாவிட்டாலும் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மாணவியும்,
உங்கள் தங்கை மகளும்.

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன், எழுதியது சரியா என்று உறுதி செய்துகொள்ள அப்பாவும் நானும் சமையலறை மேசையில் ஏழு முறை மெழுகுவத்தி வைத்துப் பார்த்தோம். ஆறு முறை அணைந்த பிறகு ஏறியது. ஏழாவது முறை சுடர் இருக்கும்போதே தண்ணீர் கொஞ்சம் ஏறிவிட்டது. "ஏழுல ஆறு சரியா இருந்தா போதும்னு நான் லிஃப்டுல ஆளை ஏத்த முடியுமா?" என்று அப்பா கேட்கிறார். ஆகவே பூகம்பம் சொன்னது சரியா, டீச்சர் நடத்தியது தவறா, அது தவறு என்று அவர் எழுதியதுதான் தவறா, எதுவும் எனக்கு இப்போது தெரியவில்லை. மேலே நான் உறுதியாக எழுதியிருப்பது முழுவதும் தவறாக இருக்கலாம். கடித்த ரப்பர் கையில்தான் இருக்கிறது, அழிக்கவில்லை. ஏழாவது முறை ஏன் அப்படி ஆனது என்று டீச்சரிடம்தான் கேட்க வேண்டும். பி.டி. மாஸ்டரிடம் கேட்டால் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்வார். நூலகத்துக்குப் போய் டீச்சரைக் கேட்கலாம் என்றால், அங்கே பேசக் கூடாது என்று ஒரு பலகை தொங்குகிறது. அதுவும் உங்கள் கையெழுத்துதான், பெரியம்மா.