கடப்படி வரி

கறிக்கோப்பையோடு வந்த மனைவியின் தங்கையை வேலிக் கடப்பிலேயே மறித்துவிட்டார் வினாயகமூர்த்தி.

“நில்லு கேதீஸ். கோப்பையில என்ன?”

“இறால் அத்தான். அக்கா கேட்டவ.”

“எத்தின?”

“எண்ணியா போட்டன்? தின்னுறதுக்குத்தானே.”

“மூண்டில ஒரு பங்க இந்தச் சட்டியில போட்டுட்டுப் போ. வரி.”

கேதீஸ்வரி அவர் நீட்டிய சட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பசிச்சாக் கேட்டுத் தின்னலாமே அத்தான். என்னத்துக்கு வரி கிரி எண்டெல்லாம்?”

வினாயகமூர்த்தி பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கட் இல்லாமல் ஒரு கோழிகூட அவருடைய பஸ்ஸில் கல்முனைக்குப் போனதில்லை. இப்போது அவருக்கு இருந்த கவலை மகள் யசோதினியின் கல்யாணம். மாப்பிள்ளை குருக்கள்மடத்துப் பையன், நல்ல பையன். ஆனால் ஆரையம்பதியில் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் ஏது? மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டிய வீடு. வினாயகமூர்த்தியும் அப்படிக் குடியேறியவர்தான். பக்கத்து வீட்டுச் சகலன் பூபாலபிள்ளையும் அப்படியே. மாமியார் இரண்டு பெண்களுக்கும் எழுதிய ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு வேலி, போய்வர ஒரு கடப்பு.

அந்த வேலிக்கு அங்கால், ஒரு கட்டில் போடும் அகலத்தில் ஒரு துண்டுக் காணி. அது கிடைக்காவிட்டால் யசோதினியின் சமையல் குசினியை மலசலகூடத்தின் முகட்டில்தான் கட்ட வேண்டும் என்று மேசன் மீராசாஹிப் சொல்லிவிட்டார். பூபாலபிள்ளையோ அந்தத் துண்டில் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, அது நிற்க வேறு இடம் இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார்.

வினாயகமூர்த்தி கெஞ்சிப் பார்த்தார். கோபித்துப் பார்த்தார். அப்போதுதான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. பெரிய நாடு ஒன்று, நம் நாட்டில் தைத்து அனுப்பும் சட்டைகளுக்கு வரியை ஏற்றிவிட்டதாம். நம்மவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு பேசுவதற்கு விமானம் ஏறினார்களாம். வினாயகமூர்த்தி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பாத்தியா அன்னம், சத்தம் போடல்ல, சண்டை புடிக்கல்ல. ஒரு வரி. மற்றவன் தானா ஓடி வாறான்.”

“உங்களிட்ட ஓடி வாறதுக்கு ஆரு இரிக்காங்க?” என்றாள் அன்னப்பூரணி.

“உன்ட தங்கச்சிர புரிசன்.”

மறுநாளே கடப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். மடியில் வரிச்சட்டி. வந்த கோப்பை எதுவானாலும் மூன்றில் ஒரு பங்கு சட்டிக்குள் போனது. வரியை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். தின்றுவிட்டால் அது சாப்பாடாகிவிடும், பிறகு எப்படி வரியாகும்? ஆகவே சட்டி மூடிய மூடியோடு உறியில் தொங்கியது. மணக்கத் தொடங்கியதும் பூனை வந்து கீழே படுத்துக்கொண்டது.

“கேட்டாக் கோவிக்காதீங்க” என்றாள் அன்னப்பூரணி. “அந்த இறால் நமக்கு வந்ததுதானே? நம்மட சோத்துக்கு வந்தத நீங்களே புடிச்சு அடைச்சு வெச்சிரிக்கீங்க. இதில அவங்களுக்கு என்ன நட்டம்?”

“அவங்களுக்கு மனசு நோகும்.”

“இஞ்ச எனக்கு வயிறு காயுது.”

பூபாலபிள்ளைக்கு மனசு நோகவில்லை. ரோசம் வந்தது. கிணறு அவர் பக்கம் இருந்தது. குழாய்த் தண்ணீர் மருந்து மணக்கிறதென்று இரண்டு வீட்டுக்கும் சமையலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அவரும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டார். வினாயகமூர்த்தி வீட்டு வாளி மேலே வந்தால் ஒரு செம்புத் தண்ணீர் வரி. அதை அவர் குடிப்பதும் இல்லை, கன்றுக்கு வைப்பதும் இல்லை. எல்லோரும் பார்க்கக் கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றுவார்.

அன்னப்பூரணி வாளியைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள். வரியைத் தொடங்கி வைத்தவரே தண்ணீரும் அள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கிணற்றுக் கயிற்றைத் தொடாத மனிதர், இடுப்பில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளினார்.

வினாயகமூர்த்தி கறிவரியை மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்த்தினார். தேங்காய்க்கும் தடை போட்டார். தங்கைக்குக் கைமூட்டு உளைவு என்று இரண்டு வீட்டுத் தேங்காயையும் அன்னப்பூரணிதான் துருவிக் கொடுப்பாள். இனிமேல் துருவிய தேங்காய் ஒன்றும் கடப்பைத் தாண்டக் கூடாது. அன்று மாலையே வேலிக்கு அங்கால் திருவலையின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பூபாலபிள்ளை திருவலையில் குந்தியிருந்து, விரலைச் சூப்பிச் சூப்பித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“நோகுது பாத்தியா” என்று மனைவியிடம் சந்தோசமாகச் சொன்னார் வினாயகமூர்த்தி, கயிற்றுத் தழும்பு விழுந்த தன் உள்ளங்கையை ஊதிக்கொண்டே.

கேதீஸ்வரி கோப்பை அனுப்புவதை நிறுத்தினாள். வாவியில் மீன்பிடிப்பவர் பூபாலபிள்ளையின் தம்பி என்பது வினாயகமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் பருப்பு, மத்தியானம் பருப்பு, பொழுதுபட்டால் பருப்பில் கொஞ்சம் தண்ணீர். ஒருநாள் எதிர்வீட்டுச் சீதேவிப்பிள்ளை ஒரு கோப்பை மணலை மீன் ஆணத்தோடு வாசலால் வந்தபோது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சீதேவிப்பிள்ளையின் கைப்பக்குவம் ஊரில் ஒருவருக்கும் வராது என்று புகழ்ந்து தின்றார். ஆணம் நிறைய இருந்தது. மீன்தான் குறைவு.

அடுத்தமுறை கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார். கேதீஸ்வரியின் பேர் வெட்டியிருந்தது.

“இது பூபாலன் வீட்டுக் கறி.”

“ஓம், அதுக்கென்ன?” என்றாள் சீதேவிப்பிள்ளை. “என்ட வீட்டால சுத்தி வருது.”

“மீன் எங்க?”

“நானும் ஒரு வாசல் வெச்சிரிக்கன் மூர்த்தி. உனக்கு மட்டும்தான் வரி எடுக்கத் தெரியுமா?”

அதன்பிறகு முன்வாசலிலும் வரி வந்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பேக்கரிப் பாண் ஓட்டோவை மறித்து, இரண்டு பணிசுக்கு ஒரு பணிஸ் கேட்டார். அந்தப் பையன் மறுநாளிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பவே இல்லை. ஒழுங்கை முழுவதும் பாண் இல்லாமல் வினாயகமூர்த்தியைத் திட்டியது. பூபாலபிள்ளை தன் மாமர நிழலுக்கு வரி விதித்தார், கடப்படிக் கதிரை பின்னேரத்தில் அந்த நிழலுக்குள் இருந்ததால். வினாயகமூர்த்தி அசரவில்லை. கதிரையை வெயிலுக்கு இழுத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். குடையின் நிழல் தன் பக்கம் விழுகிறதென்று பூபாலபிள்ளை அதற்கும் வரி கேட்டு ஆள் அனுப்பினார்.

இத்தனைக்கும் அக்காவும் தங்கையும் முகம் சுளிக்கவில்லை. வேலிக்கு இப்பால் ஒருத்தியும் அப்பால் ஒருத்தியுமாக இருந்து பேன் பார்த்துச் சிரித்தார்கள். பெண்களுக்கு இராசதந்திரம் விளங்காது என்று வினாயகமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

பிறகு குருக்கள்மடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அத்திவாரம் போட்டதைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். அத்திவாரத்துக்கு இன்னும் ஒரு கல்கூட விழவில்லை. யசோதினி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத்தான் வினாயகமூர்த்தியால் தாங்க முடியவில்லை.

சீதேவிப்பிள்ளை நடுவில் நிற்க, கடப்புக்கு இரண்டு பக்கமும் கதிரை போட்டுப் பேச்சுவார்த்தை நடந்தது. இருவர் கையிலும் தழும்பு, இருவர் முகத்திலும் களைப்பு.

“துண்டுக் காணிய விடுறன் அண்ணன்” என்றார் பூபாலபிள்ளை. “ஆனா லான்ட்மாஸ்டருக்கு ஒரு கொட்டில் நீங்கதான் போட்டுத் தரவேணும்.”

“போடுறன்.”

“கல்யாணப் பந்தலில மாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு.”

“சரி.”

“கறிவரி, தேங்காய்த்தடை, எல்லாம் நீக்கவேணும்.”

“நீ கிணத்தடியால ஒழும்பு. நான் கடப்படியால ஒழும்புறன்.”

“மறுகா என்ன? ஒழும்பிற்றன்.”

வினாயகமூர்த்தி வரிச்சட்டியைத் தூக்கிப்போய் வாழையடியில் கவிழ்த்தார். பூனை ஓடி வந்து, முகர்ந்து பார்த்து, திரும்பிப் போனது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வரி போட்டால் எந்தப் பெரிய ஆளும் கதிரையோடு வந்து முன்னால் இருப்பான் என்று ஒழுங்கையில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். கொட்டில், பந்தல் கதிரை பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் காத்தான்குடியிலிருந்து மேசன் மீராசாஹிப் நூல் பந்தோடும் மண்வெட்டியோடும் வந்தார். வினாயகமூர்த்தி அவரைக் கையில் பிடித்து அழைத்துப்போய், தான் வென்ற காணியின் நடுவில் நிறுத்தினார்.

“அளங்க மேசன். ஒரு மாசமா வரியப் போட்டு மல்லுக்கட்டி எடுத்த காணி இது.”

மேசன் நூலை விரிக்கவில்லை. குனிந்து, புல்லை விலக்கி, மண்ணோடு மண்ணாக அடித்திருந்த அளவு முளையைக் காட்டினார்.

“இத அளந்து மூண்டு கிழமையாகுது மூர்த்தி அண்ணன். காணிக்காரப் பொம்புளையள் ரெண்டு பேரும்தான் நூல் புடிச்சாங்க. ‘இவங்கட சண்ட தானா முடியுமட்டும் வெட்டத் தொடங்காதீங்க மேசன், இப்பதான் ஒராள் தண்ணி அள்ளுறார், மற்றவர் தேங்கா துருவுறார்’ எண்டு சொல்லிற்றாங்க.”