மயக்கத்துக்கு முன் மூன்று மதிப்பெண்

ஒரு கடிகாரத்தை எவ்வளவு மோசமாக வரையலாம் என்று கோவிந்தசாமி தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டைக் கீழே போடலாமா, ஆறைப் பக்கவாட்டில் தள்ளலாமா? இரண்டையும் செய்தார். போதாதென்று நான்காவதாக ஒரு முள்ளையும் சேர்த்தார்.

எதிரே இருந்த ஆராய்ச்சிப் பிரிவு ஷபானா முகத்தில் எதையும் காட்டாமல் தாளை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மனைவி சாமுண்டீஸ்வரியின் முகம்தான் வெளுத்தது.

விஷயம் இதுதான். கோவிந்தசாமிக்குப் பித்தப்பையில் கல். முழு மயக்கத்தில் ஆபரேஷன். மயக்க மருந்து வயதானவர்களின் ஞாபகத்தை என்ன செய்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவருக்கு, அதில் இதற்கும் சேர்த்துப் போட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஞாபகம்தான் அவருக்குச் சோறு போட்டது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் முப்பத்தோரு வருடம். எந்த அம்மா எந்த மகள் கல்யாணத்துக்கு எந்த அட்டிகை எடுத்தார் என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்லுவார். வயது அறுபத்து நான்கு. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. முதலாளி சிதம்பரம் அதைப் புதுப்பிப்பாரா, அல்லது ஒரு டேப்லட் கணினியை வாங்கி அவர் இடத்தில் நிறுத்திவிடுவாரா? மயக்க மருந்துக்குப் பிறகு மதிப்பெண் இறங்கியது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கதை முடிந்தது.

அதனால்தான் இந்த யோசனை. முன்னால் மட்டமாக எழுதிவிட்டால், பின்னால் அதைவிடக் கீழே இறங்க இடம் ஏது?

ஷபானா பத்து வார்த்தைகளை வாசித்தாள். ஏணி, குடை, சாவி என்று பத்தும் அவர் மனதில் ஆணி அடித்தமாதிரி பதிந்துவிட்டன. திருப்பிச் சொல்லச் சொன்னபோது மூன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

வீடு இருக்கும் சுவா சூ காங் வரை ரயிலில் சாமுண்டீஸ்வரி அவர் கையை விடவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், எல்லாம் நடிப்புதான் என்று சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்கு நடிக்க வராதுங்க. என் தங்கச்சி சமையல் நல்லாருக்குன்னு ஒரு நாளாச்சும் நம்புற மாதிரி சொல்லியிருக்கீங்களா?"

மறுநாள் காலை அடுப்பு, தண்ணீர்க் குழாய், கழிவறைக் கதவு எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் வீட்டு முகவரி. அதோடு விட்டாளா? அவர் சாலையைக் கடக்கும்போது யாராவது கூட இருக்க வேண்டும் என்று முதலாளிக்கே போன் போட்டு, தேர்வில் மூன்று வாங்கிய கதையோடு சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

சிதம்பரம் அவரை உள்ளே அழைத்து, நுரை பொங்கும் தே தாரே தேநீர் வரவழைத்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"மொதல்ல ஒடம்பப் பாருங்க, கோவிந்தசாமி. கான்ட்ராக்ட்ட ரெண்டாவது டெஸ்ட் ரிசல்ட் வந்தப்புறம் பேசிக்கலாம்."

அன்று முதல் அவருக்கு நகைப்பெட்டி துடைக்கிற வேலை.

கோவிந்தசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவியையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்குத் தலைவலி, இன்னொரு தடவை எழுத விடுங்கள் என்று கெஞ்சினார். ஷபானா இரங்கிப் புதுத் தாளை எடுத்தாள். லிட்டில் இந்தியா ஸ்டேஷனிலிருந்து கடைவரை தினமும் முணுமுணுத்த பத்து வார்த்தைகளையும் ஒரே மூச்சில் கொட்டினார், வரிசை மாறாமல்.

"அங்கிள், இது வேற லிஸ்ட் லா. நான் இன்னும் வாசிக்கவே இல்ல."

சாமுண்டீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஷபானா புதுத் தாளை மடித்து வைத்தாள். முதல் மதிப்பெண்தான் கணக்கு, அதை மாற்ற விதியில்லை என்றாள். மூன்று மூன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் கோவிந்தசாமி வயிற்றைத் தொடவில்லை. வார்த்தைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்றுதான் தேடினார். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டபோது, "ஏணி" என்றார். நர்ஸ் வெளியே போய் அதை அப்படியே சாமுண்டீஸ்வரியிடம் சொல்ல, அவள் தங்கைக்குப் போன் போட்டு அழுதாள்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது தேர்வு. ஷபானா புதுப் பட்டியலை வாசித்து முடித்தாள். இந்த முறை அவர் வாயை அடக்கிக்கொண்டு கேட்டிருந்தார். பத்துக்குப் பத்து. பிறகு அதையே தலைகீழாக ஒரு தரம். கடிகாரத்துக்குக் கம்பெனி பெயர்கூட எழுதினார்.

சாமுண்டீஸ்வரி அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை கல்லாப் பக்கம் வந்துவிடச் சொல்லுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் தயார் என்றார் அவர். கோவிந்தசாமிக்கு மூச்சு வந்தது.

ஷபானா மட்டும் சிரிக்கவில்லை. மூன்றிலிருந்து பத்து, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்டார். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க நாப்பத்தொண்ணாவது ஆள், அங்கிள். நாப்பத்தொரு பேரும் முன்னாடி ஃபெயில், பின்னாடி பாஸ்; அது ஞாபகத்தை வளர்க்கிற மருந்துன்னு நம்பி எங்க புரொஃபசர், உடம்புல ஒரு வியாதியும் இல்லாம, நாளைக்குத் தனக்கே மயக்க மருந்து போட்டுக்கப் போறாரு."