கெட்டிமேளம் கொட்டிய கோபப் பாட்டு

"மைக்க எங்கிட்ட குடு, செழியா."

கேட்கவே கூடாது என்று அவன் சொல்லிவைத்திருந்ததை எழில்மதி கேட்டேவிட்டாள். அதுவும் கள்ளக்குறிச்சி இடஒதுக்கீட்டுக் கூட்டத்தில், மேடையென்று நிறுத்திய டிராக்டர் டிரெய்லரின் மேல், ஊரே பார்க்க.

"பொம்பளப் புள்ள கத்துனா சிரிப்பாங்க. நீ எழுது, நான் கத்துறேன். அதான பேச்சு?"

'இரைச்சல்' குழு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் பேச்சு. பாண்டிச்சேரியிலிருந்து 'பங்க்' என்ற வெள்ளைக்காரக் கத்தல் பாட்டுக் கேசட் ஒன்றோடு வந்து, இனிமேல் பாட்டென்றால் கோபம்தான் என்று அறிவித்தவன் செழியன். கோபம் மட்டும் அவளுடையது. குடும்பத்தின் முதல் பட்டதாரி. வேலைக்கு மனு போட்டுப் போட்டே ஊறிய கோபம். டிரம் செட் கிடைக்காததால், ஒத்திகையிலிருந்தே தாளத்துக்குக் கல்யாணத் தவில்காரர் பச்சமுத்துதான்.

செழியன் கிட்டாரை அறைந்தான்.

"நாற்காலி உங்கப்பன் சொத்தா? எழுந்திரி, நான் உக்காரணும்! மக்களே, இது நான் எழுதுன பாட்டு!"

ஆள்காட்டி விரலை உயர்த்தினான். டமடமவென்று கெட்டிமேளம் கொட்டியது.

கூட்டத்துக்குப் பழக்கதோஷம். கையில் அட்சதை இல்லை; வேர்க்கடலை இருந்தது. மழையாக விழுந்தது.

"யோவ், இன்னாய்யா இது?"

"விரலத் தூக்குனீங்களே தம்பி. தாலி கட்டப் போறீங்கன்னு..."

செழியன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். கிட்டார் நின்றுபோய் வெறும் குரல் கேட்டது. அது இன்னும் மோசம்.

"ராத்திரியெல்லாம் முழிச்சி நானே எழுதுனது!"

கெட்டிமேளம்.

"இப்ப ஏதுய்யா விரலு?"

"முன்னாடி ஒரு பெரியவரு காது கொடஞ்சாரு தம்பி."

பச்சமுத்துவை முதுகு காட்டி உட்காரவைத்தார்கள்.

"ஒவ்வொரு வரியும் என் சொந்தக் கோபம்!"

மறுபடி கொட்டினார். முதுகு காட்டியிருந்ததால் நிறுத்தச் சொன்ன சைகையும் தெரியவில்லை.

"மாப்ள ரெடி, பொண்ணு எங்கடா?" என்று கீழேயிருந்து கத்தினாள், களையெடுப்பை விட்டு வந்திருந்த தைலம்மாள்.

செழியனுக்கு வியர்த்துக்கொட்டியது. மைக்கை எழில்மதி கையில் திணித்தான். "நீயே கத்தித் தொல!"

கத்தினாள். வரிக்கு வரி விரலை நீட்டி, எதிரில் நிற்பவன் கண்ணைக் குத்துகிறாற்போல. பச்சமுத்து மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். தவில் அவள் குரலுக்கு அடியில் உறுமிக்கொண்டே ஓடியது. கூட்டம் கடலை மெல்வதை நிறுத்தியது. பாட்டு முடிந்ததும் விசில் காதைக் கிழித்தது.

செழியன் மைக்கைப் பிடுங்கினான். "எப்படி நம்ம பாட்டு? எழுதுனது..."

கெட்டிமேளம்.

அது ஓய்ந்ததும் அவள் பக்கம் திரும்பி, "போதும் எழிலு. நாளைக்கு வெள்ளிமலக் கூட்டத்துல நீ பின்னாடியே நில்லு" என்றான்.

"வெள்ளிமலையில நான்தான் பாடுறேன். நீ வராத."

டிரெய்லரிலிருந்து குதித்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே தவில் ஒன்று மூச்சிரைக்க ஓடிவந்தது.

"நீங்க எதுக்குண்ணே வர்றீங்க? விரலப் பாத்தாலே கொட்டிடுவீங்க!" அவள் நிற்கவில்லை.

"நீ அத்தினி தபா விரல ஆட்டுன, ஒரு தபா கொட்டுனனா?" என்றார் பச்சமுத்து. "ஆகாத பேச்சு காதுல வுழக்கூடாதுன்னுதாம்மா கெட்டிமேளமே. அவரு 'நான் எழுதுனது'ன்னு ஆரம்பிச்சா, நான் வேற இன்னா பண்றது?"