கேட்டு ஆயாவும் மூன்று பள்ளிகளும்

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பழைய ஆங்கிலிக்கன் சர்ச் காம்பவுண்டில் மூன்று பள்ளிகள் உண்டு. மூன்றையும் பிஷப் நடத்துவதாகப் போர்டில் எழுதியிருக்கும். அது தவறு. நடத்தியவர் வாசல் கேட்டைக் காத்த கேட்டு ஆயா.

பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களுக்கு முதல் இன்டர்வியூ கேட்டிலேயே நடக்கும்.

"இது எய்டட்டு. வாத்தியாருக்கு சம்பளம் கவர்மென்ட்டு குடுக்கும், அதிகாரம் பிஷப்போட டயோசிஸ் பண்ணும். அது மெட்ரிகுலேசன். அல்லாம் உங்க ஃபீஸ்லதான் ஓடுது. அதான் டை கட்டிகினு கீதுங்க. அந்தாண்ட நர்சரி, சபைக் கமிட்டிது. கமிட்டில சண்ட வந்தா ஊஞ்சல்கூட ஆடாது."

ஒருமுறை காலை ஜெபம் நடக்கும்போது கல்வி அதிகாரி வந்து இறங்கினார். ஆயா கேட்டைத் திறக்கவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேம்மா!"

"சாமியே உள்ள பொறுமையா கேட்டுகினு கீறாரு. உனுக்கு இன்னா அவசரம் நைனா?"

பாஸ்டர்தான் மூன்று பள்ளிக்கும் தாளாளர். சில வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு மாற்றல் வரும். புதிதாக வருகிறவர் ஆயாவிடம்தான் சாவிக்கொத்தையும், யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரத்தையும் வாங்கிக்கொள்வார்.

என் மகளுக்கு நர்சரியில் எல்.கே.ஜி. சீட் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் சீட் கிடையாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. விண்ணப்பத்தில் 'தாய் படித்த பள்ளி' என்ற இடத்தில், ஊட்டியில் ஒரு கான்வென்ட் என்று எழுதிவிட்டேன்.

இன்டர்வியூவில் நர்சரித் தலைமை ஆசிரியை அதைப் பார்த்து ஆசையாகக் கேட்டார். "ஊட்டியா? அங்க எப்படிம்மா இருக்கும்?"

"குளிரா... இருக்கும் மேடம்."

அதற்கு மேல் எனக்கு ஊட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த நேரம் பார்த்து கேட்டு ஆயா டீ கொண்டுவந்தார்.

"இவங்க ஊட்டியில படிச்சவங்களாம். ஆனா எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியுமா ஆயா?"

அதே காம்பவுண்டின் எய்டட் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்து வருஷம் படித்தவள் நான். பிரேயரில் மயங்கி விழுந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஆயா. அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"தெரியாதும்மா. ஊட்டி மூஞ்சியாதான் கீது."

நான் தலைகுனிந்து டீயைக் குடித்தேன்.

சீட் கிடைத்தது. ஃபீஸ் கட்டப் போனபோது கிளார்க்கின் மேஜையில் என் விண்ணப்பம் விரிந்து கிடந்தது. ஊட்டியை அடித்துவிட்டு, பாஸ்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'நம் எய்டட் பள்ளியின் பழைய மாணவி. கேட்டு ஆயா சாட்சி. சேர்க்கவும்.'

கிளார்க் சொன்னார்: "பழைய ஸ்டூடன்ட்ஸ் பிள்ளைங்களுக்குத்தானம்மா இங்க முதல் சீட்டு. உங்களுக்குத் தெரியாதா?"

நேராகக் கேட்டுக்கு வந்தேன்.

"மேடம் முன்னாடி என்னைத் தெரியாதுன்னீங்களே ஆயா?"

"நீ மறைச்சிகினு கீற. நான் போட்டுக் குடுப்பனா? பாஸ்டராண்ட தனியா சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொய்ய இங்கிலீஸ்ல சொல்லணும்மே. அப்பதான் நம்புவாங்க."

அன்று நன்றிகூடச் சொல்ல வரவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நான் எய்டட் பள்ளிப் பெண். கேட்டு ஆயாவுக்கு என்னைத் தெரியும்.