துலா மிதித்து மலை ஏறியவர்கள்

மலை இல்லாத ஊரில்தான் மலை தெரிந்தவர் பிறக்கிறார். மலைநாட்டில் பிறந்தவன் மலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவனுக்கு அது வீட்டுக் கொல்லைக் கோடிப்புறம். நமது யாழ்ப்பாணத்திலோ ஒரு தேங்காயை நிலத்தில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். பனையும் கோபுரமும் தவிர அண்ணாந்து பார்க்க வேறொன்றும் கிடையாது. கீரிமலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அங்கே போனவர்கள் எல்லாரும் கேணியில் படி இறங்கி முழுகிவிட்டு வருகிறார்களே தவிர, ஏறிவிட்டு வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. ஆகையால் ஊருக்கு ஒருவர், ஒரே ஒருவர், எங்கேயோ தூரத்து மலையைத் தம் பேரில் எழுதி வைத்துக்கொண்டு ஆண்டு வருகிறார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அடையாளம் வேண்டுமா? சித்திரை வெயிலில் ஊரே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கழுத்தில் கம்பளிச் சால்வையோடு வாசிகசாலைக்கு வருவார். ஏன் என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்டால், "உது அங்கை இருக்கேக்கை பழகின பழக்கம், விடுகுதில்லை" என்பார். மார்கழிப் பனியில் நாமெல்லாம் இழுத்துப் போர்த்துக்கொண்டு பல் கிட்டி நிற்கையில், சால்வையும் இல்லாமல் வெறும் மேலோடு வந்து, "இதுவும் ஒரு குளிரோ?" என்பார். மழை பெய்தால், இதுவும் ஒரு மழையோ? பாம்பு கடித்து ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், "பாம்பெண்டால் கடிச்சதாவது தெரியும். அட்டை கடிச்சால் தெரியாது, கண்டீரோ!" பாம்பு கடித்தவர் வெட்கப்பட்டுப் போகவேண்டியதுதான்.

உரும்பிராயில் அப்படி இருந்தவர் பஞ்சலிங்கத்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கச்சேரிக்கு வருமுன் மலைநாட்டில் ஒரு சின்ன றெயில்வே ஸ்டேசனில் இரண்டு வருடம் இருந்தவர். ஸ்டேசனுக்கு நேரே ஒரு மலை நின்றது. தலையில் எந்நேரமும் முகிலைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பதால் தொப்பிமலை என்று அதற்குப் பெயர். அந்த மலையைப் பஞ்சலிங்கத்தார் இரண்டு வருடமும் பார்த்தார். ஸ்டேசன் கந்தோர் ஜன்னலுக்கு உள்ளே இருந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தார். அட்டைக்குப் பயந்து புல்லில் கால் வைக்காதவர் மலையில் எங்கே வைப்பார்?

ஆனால் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வாரமே யாரோ, "அந்த மலையிலை ஏறினனீரோ?" என்று கேட்டுத் தொலைத்தார்கள். கேட்டவர்களின் கண்ணில் அப்படி ஒரு ஆசை. இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஓம்" என்றார். அதற்குப் பிறகு அந்த ஓமை வளர்க்காமல் முடியுமா? ஒரு முறை ஏறியவர் மழைக்காலத்திலும் ஏறினார். பிறகு தனியாக ஏறினார். பிறகு வழி தவறிய ஒரு வெள்ளைக்காரத் துரையைத் தோளில் கை போட்டு இறக்கிக்கொண்டு வந்தார். அந்த மலை இல்லாவிட்டால் பஞ்சலிங்கத்தார் யார்? கச்சேரியில் பத்தோடு பதினொன்று, ஊரில் வேலியோரம் நடந்து போகிற ஒரு மனிதர். மலையால்தான் வாசிகசாலையில் அவர் வந்தால் வாங்குப் பலகையில் இடம் ஒதுங்கியது. அவர் இருமினால் பத்திரிகை வாசிப்பவர் நிறுத்தினார். பாவம், அந்த மரியாதை அவருக்கு உயிர்.

இந்த இனத்தார் சிநேகிதரை மலைக்குக் கூப்பிட ஒருபோதும் தவறுவதில்லை. ஒவ்வொரு விடுதலைக்கும், அதாவது ஒவ்வொரு லீவுக்கும், கூப்பிடுவார்கள். "அடுத்த விடுதலைக்கு எல்லாரும் ஒருக்கால் ஏறிப்போட்டு வருவம்" என்பார் பஞ்சலிங்கத்தார். விடுதலை கிட்ட வந்தால் அங்கே மழையாக இருக்கும். மழை விட்டால் அட்டை. அட்டை ஒழிந்தால் சிறுத்தை குட்டி போட்டிருக்கும். இப்படியே மிகவும் சுகமாக வருடங்கள் போயின.

கெடுத்தவர் அருளம்பல வாத்தியார். கணக்கு வாத்தியார்; சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுகிற நோய் அவருக்கு. பொய் சொல்லும் மாணவனை வெய்யிலில் முழங்காலில் நிறுத்துபவர். பெரிய வெள்ளி விடுதலை வருகிறது என்று கண்டதும், ஒரு வார்த்தை பேசாமல் யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போய், தமக்கும், றோட்டு வேலை பார்க்கும் ஓவசியர் சோமசேகரத்தாருக்கும், பஞ்சலிங்கத்தாருக்கும் ரிக்கற் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஐசே, எல்லாம் சரி. நீர் முன்னாலை நடவும், நாங்கள் பின்னாலை வாறம்."

ரிக்கற்றைக் கையில் வாங்கிய பஞ்சலிங்கத்தாருக்கு அந்தப் பங்குனி வெயிலிலும் உள்ளங்கை குளிர்ந்தது. முதல் தடவையாக அவருக்கு மலைக் குளிர் உண்மையாகவே தெரிந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் யோசித்தார். "உடனை போய் ஏறேலாது. பழக்கம் இல்லாத கால் ஏறினால் நெஞ்சடைக்கும். முதலிலை பழகவேணும்" என்றார். பழகச் சொன்னால் இரண்டு நாளில் கால் நொந்து இருவரும் கையை விரிப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் ஏறிப் பழக உரும்பிராயில் ஏற்றம் எங்கே? வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. பஞ்சலிங்கத்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பிராசாவின் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

துலா மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றடியில் நட்ட ஆடுகாலில் பூட்டிய நீண்ட மரத்தில் ஒருவர் ஏறி நின்று, பக்கத்தில் கட்டிய கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்னுக்குச் சில அடி, பின்னுக்குச் சில அடி என்று நடப்பார். முன்னுக்கு வந்தால் தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னுக்குப் போனால் தண்ணீரோடு மேலே வரும். கீழே நிற்பவர் அதை வாய்க்காலில் சரிப்பார். கால் ஏறுகிறது, இறங்குகிறது. மலையில் வேறென்ன நடக்கிறது?

"உதுதான், உதேதான்!" என்றார் பஞ்சலிங்கத்தார்.

மறுநாள் விடியற்காலை வாத்தியாரும் ஓவசியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துலாவில் ஏறினார்கள். தலைவர் பஞ்சலிங்கத்தார் கிணற்றுக் கட்டில் குந்தி இருந்து, "மூச்சை அடக்கு! கீழை பாராதை! இப்ப ஒரு பள்ளம் வருகுது!" என்று வழிகாட்டினார். தம்பிராசா தன் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சி கண்டதில்லை. கூலிக்கு ஆள் தேடி அலுத்தவன். கச்சேரிக் கிளாக்கரின் மேற்பார்வையில் கணக்கு வாத்தியாரும் றோட்டு ஓவசியரும் அவன் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள். அதிலும் சோமசேகரத்தார் நல்ல பாரம். அவர் பின்னுக்குப் போனால் பட்டை மட்டுமல்ல, கிணறே மேலே வந்துவிடும் போலிருந்தது. தம்பிராசா பட்டையைத் தன் மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை போடப் போனான். இடையிடையே குரல் மட்டும் வரும்:

"ஐயாமார், உச்சி கிட்டத்தான்! உந்த மேற்குப் பாத்தியும் ஒருக்கால் நனைஞ்சுதெண்டால் காணும்!"

இருவரும் கையை விரித்தார்களா? இல்லை. கால் உரம் ஏறி, பசி கூடி, முகம் தெளிந்து, தம்பிராசாவின் புகையிலையோடு சேர்ந்து தாங்களும் தழைத்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

புறப்படும் நாள் வந்தது. பஞ்சலிங்கத்தாரின் மனைவி மீனாம்பிகை தோசையும் சம்பலும் கட்டினாள்; தட்டை வடை, எள்ளுருண்டை, புழுக்கொடியல், பனங்கட்டி கட்டினாள்; ஊர்த் தண்ணீர் போல் வராது என்று கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் அடைத்தாள். அடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உந்த மலையிலை நீங்கள் எப்ப ஏறினனீங்கள்?"

"அப்ப நீர் பிள்ளைப்பேறுக்கு ஊருக்கு வந்திட்டீர்."

"பிள்ளை பிறந்தது நாங்கள் அங்கை போக முன்னமெல்லோ?"

பஞ்சலிங்கத்தார் போத்தல் மூடியை இறுக்கிப் பார்த்தார். "சம்பலுக்கு உப்புக் காணுமோ?" என்றார். மீனாம்பிகை உப்புச் சிரட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அது அவரைப் பொல்லால் அடித்தது போலிருந்தது.

தென்னந்தோட்டமும் வயலும் போய், பொல்காவலையில் வண்டி மாறி, மலை றெயில் மூச்சு வாங்கி வாங்கி அந்தச் சின்ன ஸ்டேசனில் அவர்களை இறக்கிவிட்டது. தொப்பிமலை எதிரே நின்றது. ஜன்னல் கண்ணாடி இல்லாமல் பார்க்கையில் அது முன்னையிலும் பெரிதாக இருந்தது. "சரி, நடவும்" என்றார் வாத்தியார். இனி என்ன செய்வது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாணென்ன, முழமென்ன. பஞ்சலிங்கத்தார் சால்வையை இறுக்கிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே முதலில் தெரிந்த ஒற்றையடிப் பாதையில் காலை வைத்தார்.

பாதை வளைந்து ஏறியது. துலாவில் பழகிய கால் துலாவின் காலாகவே இருந்தது. முன்னுக்குச் சில அடி வைத்ததும் அது தன்பாட்டில் பின்னுக்கு வரப் பார்த்தது. ஓவசியர் ஒருமுறை தம்மை மறந்து உண்மையாகவே பின்னுக்கு நடந்து, வாத்தியாரையும் தோசைப் பொதியையும் தேயிலைச் செடிக்குள் தள்ளிவிட்டார். தலைவருக்கோ அந்தப் பழக்கமும் இல்லை. அவர் கிணற்றுக் கட்டில் இருந்தே மலை ஏறியவர். இரண்டு அடிக்கு ஒருமுறை தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு காலமும் கட்டிக் காத்த பெயர் இந்தத் தேயிலைக்குள் விழப்போகிறதே என்று அவருக்கு அழுகை வந்தது. "நல்லூர்க் கந்தா!" என்றார் வாய்விட்டு.

கந்தன் முகிலை அனுப்பினான். வெள்ளைவெளேரென்று வந்து மூடிற்று. முன்னால் நிற்பவர் பின்னால் வருபவருக்குத் தெரியவில்லை. மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. பாதையோரம் ஒரு பெரிய கல் மட்டும் தட்டுப்பட்டது. பஞ்சலிங்கத்தார் அதன் மேல் இருந்தார்.

"வந்திட்டம்" என்றார். "இதுதான் உச்சி."

"இவ்வளவு கெதியாயோ?" என்றார் வாத்தியார். ஆனால் அவரும் கேட்கும்போதே கல்லில் குந்திவிட்டார்.

"பழகின காலெல்லோ!" என்றார் ஓவசியர்.

ஆனந்தத்துக்குக் கேட்கவேண்டுமா? தோசைப் பொதி அவிழ்ந்தது. ஊர்த் தண்ணீர் கைமாறியது. வாத்தியார் கண்ணை மூடித் தேவாரம் பாடினார். ஓவசியர் தம் குடையை மண்ணில் குத்தி அதன் பிடியில் கைலேஞ்சியைக் கொடியாகக் கட்டினார். மூவரும் எழுந்து நின்று, தெற்குப் பக்கம் என்று அவர்கள் நினைத்த பக்கத்தைப் பார்த்து, ஆழமாக மூச்சு விட்டார்கள். "இப்ப கடல் தெரியவேணும், முகில்தான் மறைக்குது" என்றார் பஞ்சலிங்கத்தார்.

அப்போது முகில் விலகியது.

கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஸ்டேசன். பெயர்ப் பலகையில் இருந்த எழுத்தை வாசிக்கக்கூடியதாய் இருந்தது. மேலே தொப்பிமலை, முழுதாய், இன்னும் ஒருவரும் தொடாததாய், வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. அதன் இடுப்பில் எங்கோ ஒரு பசுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கி இவர்களைக் குனிந்து பார்த்தது.

பஞ்சலிங்கத்தார் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பொய் சொன்ன பையனைப் போல, வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். தமது முழங்காலைத் தடவிப் பார்த்தார். கடைவாயில் ஒட்டியிருந்த சம்பலைத் துடைத்தார்.

"இந்த மலைக்கு ரண்டு உச்சி போலை கிடக்கு" என்றார்.

"ஓமோம்" என்றார் ஓவசியர் உடனே. "நாங்கள் ஏறினது மற்றது."

அந்த நிமிடத்தில் பஞ்சலிங்கத்தாருக்கு அவர்கள் இருவர் மேலும் வந்த அன்பைச் சொல்லி முடியாது. கூடப்பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்வார்களா? இறங்கும் வழியெல்லாம் வாத்தியாரின் பொதியையும் தாமே சுமந்தார்.

திரும்பி வந்த அடுத்த மாலை, வாசிகசாலையில் இடம் இல்லை. பஞ்சலிங்கத்தார் நடு வாங்கில் இருந்து, இருமி, "அட்டை எண்டால் அட்டை..." என்று தொடங்கினார்.

"அட்டை உச்சியிலை எங்கை ஐசே?" என்றார் வாத்தியார். "உச்சியிலை காத்தெல்லோ! ஆளைத் தூக்குது. நான் சோமசேகரத்தின்ரை வேட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

"கடல் துலாம்பரமாய்த் தெரிஞ்சுது" என்றார் ஓவசியர். அவர் கழுத்திலும் புதிதாக ஒரு கம்பளிச் சால்வை இருந்தது. "கப்பலும் கண்டனாங்கள். பாவம், பஞ்சலிங்கத்தார் கடைசி ஏத்தத்திலை கொஞ்சம் களைச்சுப் போனார். நான்தான் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டனான். வயது போகுதெல்லே?"

சபை அனுதாபத்தோடு பஞ்சலிங்கத்தாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். கப்பலா? எந்தக் கப்பல்? நாங்கள் கண்டது பசுமாடு! இதைச் சொல்ல முடியுமா? பசு நின்ற உயரத்தையும் சொல்லவேண்டி வருமே. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். "ஓம்" என்றார். அந்தப் பழைய ஓம், அவருடைய சொந்த ஓம், இப்போது மூன்று பேருக்குப் பொதுவாகிவிட்டது. அடுத்த வாரம் அவர் வந்தபோது வாங்கில் ஒதுங்கிய இடத்தில் ஓவசியர் இருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன விடுதலைக்கு நீங்களும் சிநேகிதரோடு எங்கேயோ ஏறிவிட்டு வந்ததாக ஒரு கேள்வி. வந்த நாள் தொட்டு வீட்டிலும் வெளியிலும் அதே பேச்சாம். சொல்லச் சொல்ல ஏற்றம் செங்குத்தாகிக்கொண்டு வருகிறதாம். பயப்படவேண்டாம், உங்களோடு வந்தவர்களை ஒருவரும் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தாலும் அவர்கள் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவர்களும் உங்களோடுதானே ஏறினார்கள்?